பூட்டத் தெரியாத வீட்டுக்காரர்

அந்த நூலகத்தின் உதவியாளரை எல்லாரும் 'வீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்யில்லை. இப்போது சிறுவர் பகுதி இருக்கும் மாடியறையில்தான் அவர் பிறந்தார். அப்பா விருந்தாளிகளோடு உட்கார்ந்த கூடத்தில் இன்று நாளிதழ் மேசைகள். குளியலறைப் பளிங்குத் தொட்டி நிறையப் பழைய பத்திரிகைக் கட்டுகள்.

பிள்ளைகள் வீட்டுக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்து வெறுத்துப்போன அப்பா, கண்ணை மூடுமுன் மொத்தத்தையும் ஊருக்கே எழுதிவைத்துவிட்டார். அண்ணன்மார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கடைக்குட்டி இவர் மட்டும் தற்காலிக வேலை கேட்டு உள்ளே வந்தார்.

"சொந்த வீட்லயே தூசி தட்டப் போறீங்களாக்கும்!" என்றாள் மனைவி.

"அப்பவும் யாரோ தட்டினாங்க. இப்ப நான் தட்டுறேன்."

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடும் நேரமான இரவு எட்டு மணிக்கு "எழுந்திருங்க" என்று சொல்ல மட்டும் நா எழவில்லை. ஜன்னல்களைச் சாத்துவார், தொண்டையைச் செருமுவார்; ஒருவரும் அசையமாட்டார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் விளம்பரம் வரை விடாமல் படித்து முடிக்க ஒன்பதாகிவிடும். காவலாளி புகார் சொல்லிவிட்டார்.

நூலகர் அம்மா அழைத்தார். மகள் வயதுதான் இருக்கும்.

"உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதணும் சார். இன்னைக்கும் லேட்டாச்சுன்னா எழுத முடியாது. இது உங்க வீடு இல்ல."

"அதாம்மா கஷ்டமே. என் வீடா இருந்தா கெளம்புங்கன்னு சொல்லிடுவேன். அவங்க வீட்லேருந்து அவங்களையே எப்படிப் போகச் சொல்றது?"

"அப்ப சாவியையும் அவங்ககிட்டயே குடுத்துடுங்க!"

எரிச்சலில் சொன்னதுதான். வீட்டுக்காரருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

எட்டடிக்கச் சற்று முன் சாவிக்கொத்தைக் கண்டக்டர் முன்னால் வைத்தார். "இன்னைக்கு நீங்க பூட்டுங்கண்ணே."

"நானா?"

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டா நீங்கதான் பொறுப்பு."

கண்டக்டர் பேப்பரை மடித்தார். சாவிக்கொத்தால் மேசையைத் தட்டினார். "கடைசி ஸ்டாப்பு! எறங்கு, எறங்கு! ஏம்ப்பா, அந்தத் தூங்குறவரை எழுப்பு!"

மாடியில் இருந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள். எட்டுக்குக் கதவு பூட்டியாயிற்று.

வாசலில் நின்று பார்த்த நூலகர் அம்மா கேட்டார்: "நீங்க பூட்டலையே சார்?"

"ஊரே பூட்டிடுச்சும்மா."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, காலைல எழுதிடறேன். ஆமா, சாவி எங்க?"

கண்டக்டர் அதற்குள் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.