தலையில் கொத்திய குருவி

அப்பாவின் இரண்டாம் வருடத் திவசத்தன்று காகம் வரவில்லை. வீட்டுப் பின்புற மர டெக்கில் படையல் சோற்றை வைத்துவிட்டு அம்மா "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அணில் ஒன்றுதான் வந்தது. காகம் தின்னாமல் அம்மா ஒரு பருக்கையும் வாயில் வைக்கமாட்டார். சீனி வியாதிக் குளிசையை வேறு போட்டுவிட்டார், சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடு கட்டும் காலத்தில் பறவை பார்க்கத் தொலைநோக்கியோடு நான் பக்கத்து ரூஜ் சதுப்பு நிலத்துக்குப் போவதுண்டு. அங்கே காகம் நிற்கும். சோற்றுப் பெட்டியோடு அம்மாவைக் காரில் ஏற்றினேன். பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். ஆராவது கண்டால் மானம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

கோரைப் பற்றையோரம் அம்மா குனிந்து ஒரு பிடி சோறு வைத்தார். நிமிர்வதற்குள், தோளில் சிவப்புப் பட்டையுள்ள கருங்குருவி ஒன்று பாய்ந்து வந்து அவர் உச்சந்தலையில் கொத்தியது. திரும்பி வந்து இன்னொருமுறையும் கொத்தியது.

"அப்பாவுக்கு இன்னும் என்னிலை கோவம்," என்று அம்மா அழத் தொடங்கினார்.

"ஐயோ அம்மா, உது காகமே இல்லை! உந்தக் கோரைக்குள்ளை பேடு அடைகாக்குது. உவன் காவல் நிக்கிறான். ஆர் கிட்டப் போனாலும் கொத்துவன்."

அம்மா காதில் விழுத்தவில்லை. "ஆசுப்பத்திரியிலை கடைசியாச் சோறு கேட்டவர். ஒரு வாய் தீத்தியிருக்கலாம். பசியோடை அனுப்பிப்போட்டன்."

அப்பாவால் விழுங்க முடியாது, புரையேறிவிடும் என்று அன்றைக்குத் தாதி சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அம்மாவின் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைப் பறித்தவள் நான். அம்மா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறார்.

"கிண்ணத்தைப் பறிச்சது நானெல்லோ அம்மா? கோவமெண்டால் என்ரை தலையிலையெல்லோ கொத்தவேணும்."

சொல்லிக்கொண்டே அம்மாவுக்கும் கோரைக்கும் நடுவில் போய் நின்றேன். வாய் மூடவில்லை, குருவி எனக்கும் ஒன்று வைத்தது. நல்ல வலி.

அம்மா பதறிச் சேலைத் தலைப்பால் என் தலையை மூடினார். பிறகு குருவியை நிமிர்ந்து பார்த்துக் கெஞ்சினார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை விடுங்கோ. அவளிலை பிழையில்லை. உங்களைக் காப்பாத்தத்தானே பறிச்சவள்."

காருக்குள் வந்து சோற்றைக் குழைத்து நீட்டினேன். காகம் தின்றதா என்று அம்மா கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.