வெள்ளிப் பொடிக்கு ஒரு கூடை

அந்தப் பொட்டலத்தை நான் எந்தக் கூடையில் போட்டிருக்க வேண்டும்? இரண்டு வருடமாகியும் விடை தெரியவில்லை.

எங்கள் தெருவில் எல்லாக் குப்பையும் ஒன்றுதான். தெருக்கோடி மேட்டில் கொட்டுவார்கள். குவிந்ததும் யாராவது தீ வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படித்த எனக்கு அதற்கு மனம் வரவில்லை. காய்கறித் தோலும் கழுநீரும் பக்கத்துச் சந்தில் மாடு வைத்திருந்த அம்மாளுக்கு. சாம்பல், பாத்திரம் துலக்க. தாளும் அட்டையும் தனிக் கூடையில். அதையும் அந்த அம்மாளே அடுப்பெரிக்கக் கொண்டுபோவாள். குப்பையைக்கூட வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள் என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

என் கணவருக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மருந்து அளந்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் வந்து வேட்டியை உதறினால் மடிப்பிலிருந்து வெள்ளிப் பொடி, அதாவது பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூள், கொட்டும். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். தரையில் கிடப்பதெல்லாம் அவள் வாய்க்குப் போகும். அதனால் பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் உதறச் சொன்னேன். தினமும் விழுந்ததை ஒரே பொட்டலத்தில் சேர்த்தேன். மண்ணோடு கலந்து போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் மணல் துகள்கூட இல்லாமல் சுத்தமாகச் சேர்த்தேன்.

தீபாவளி சீசன் முடிவதற்குள் அது கைப்பிடி அளவுக்கு வந்துவிட்டது. அவரிடம் கேட்கலாம் என்று மாடத்தில் வைத்திருந்தேன். ஒரு காலையில் மகள் சுவரைப் பிடித்து எழுந்து அதற்குக் கை நீட்டினாள். பதறிப் பிடுங்கித் தாள் கூடையில் போட்டேன். பார்வைக்கு அதுவும் தாள்தானே. பிறகு சமையல் வேலையில் மறந்தேபோனேன். அன்று மதியம் அந்த அம்மாள் கூடையைக் காலி செய்துகொண்டு போனாள்.

மறுநாள் கழுநீருக்கு அவள் வரவில்லை. நானே போய்ப் பார்த்தேன். வலது கை முழுவதும் வாழையிலை சுற்றியிருந்தது. புருவம் இரண்டும் இல்லை.

"ஒங்க வீட்டுத் தாள் நல்லா எரியும்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், தாயி," என்றாள்.

பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது. அவள் இடது கையால் இலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க என்ன செய்வீக. ஒங்க பிள்ளைக்கு எட்டாம வச்சீக. எம் பேத்தி அடுப்புக்கிட்ட இல்ல, அம்புட்டுதான்."

இரண்டு விரல்கள் பிறகு மடங்கவில்லை. பால் கறக்க முடியாமல் மாட்டை விற்றுவிட்டாள். இப்போது என் வீட்டுத் தோலும் கழுநீரும் தெருக்கோடி மேட்டுக்குத்தான் போகின்றன.

இப்போதும் தினமும் விழுகிற பொடியைத் தண்ணீரில் கலக்கிச் சாக்கடையில் ஊற்று என்கிறார் கணவர். அந்தச் சாக்கடை ஓடுவது அவள் வாசல் வழியாக. அங்கேதான் பேத்தி விளையாடுகிறாள். கொல்லையில் புதைக்கலாம் என்றால் என் மகள் மண்ணைத் தோண்டுகிறாள். ஒரு பழைய சட்டியில் தண்ணீரோடு சேர்த்து உயரத்தில் வைத்திருக்கிறேன். அதுவும் நிரம்பப் போகிறது.

பட்டாசு வேலை நடக்கும் ஊர் என்றால் உங்கள் வீட்டிலும் யாராவது வேட்டியை உதறிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொடியை எங்கே போடுகிறீர்கள்? இன்னொருவர் வாசலுக்குப் போய்ச் சேராத இடம் ஏதாவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.