எல்லாருக்கும் புரிந்த பாடம்

எங்கள் புள்ளியியல் விரிவுரையாளர் காரை ஓட்டிக்கொண்டேதான் பாடம் நடத்துவார். தொலைதூரக் கல்வியில் சேர்ந்த எங்களுக்குப் புலனக் குழுதான் வகுப்பறை. வாட்ஸ்அப் குரூப் என்றால் குழந்தைக்கும் தெரியும். அதில் குரல் பதிவாக வந்து விழும் பாடம். நடுவில் யாரோ குறுக்கே வந்துவிடுவார்கள், ஹாரன் அடிப்பார், திட்டுவார், விட்ட இடம் மறந்துபோய் வேறெங்கிருந்தோ தொடங்குவார். கடைசியில் மலாயில் "ஃபஹாம்?" என்று ஒரு வார்த்தை. புரிந்ததா என்று கேட்கிறாராம், பெரிய மனிதர்.

உடனே ஆரம்பிக்கும் கூத்து. "ஃபஹாம், டாக்டர்." "ஃபஹாம், தெரிமா காசி, டாக்டர்." புரிந்தது, நன்றி என்று வரிசையாகப் பதில்கள், கூடவே கும்பிடு போடும் கைகள், ரோஜாப்பூக்கள். பதிவு ஓடி முடியும் முன்பே புரிந்துகொண்ட மேதாவிகளும் எங்கள் குழுவில் உண்டு.

அது அடங்கியதும் எனக்குத் தனியாகச் செய்திகள் வரத் தொடங்கும். "அக்கா, அவரு என்னாதான் சொன்னாரு?" கேட்பது யார்? சற்று முன் குழுவில் ரோஜாப்பூ வைத்த அதே ஆட்கள்தான். ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் நாளெல்லாம் கணக்கெழுதிவிட்டு, குனோங் ராபாட்டில் வீடு வந்து சோறு வடித்து, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் நான் இவர்களுக்கு இலவச டியூஷன் வாத்தியார். எனக்குக் கணக்கு கொஞ்சம் வரும், அதுதான் நான் செய்த பாவம்.

அவர்களில் ஒருத்திக்காக மட்டும்தான் எனக்கு மனசு கேட்காது. சித்தியவான் பக்கம், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டம் ஒன்றில் பாலர் பள்ளி ஆசிரியை அவள். டிப்ளோமா இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்வதில்லை என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. மற்ற பாடங்களையெல்லாம் முக்கி முனகித் தேறிவிட்டாள். இந்தப் புள்ளியியல் ஒன்றுதான் பாக்கி. தேறினால் வேலை நிலைக்கும், தவறினால் வருஷக் கடைசியோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எதிரே உட்கார்ந்து தாளில் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். போனில் சொன்னால் ஒன்றும் ஏறாது. அதனால் பரீட்சைக்கு முன் ஈப்போவில் நடக்கவிருந்த ஒரே நேரடி வகுப்பைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

அதற்கும் வந்தது வேட்டு. எல்லாருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டதால் நேரடி வகுப்பு தேவைப்படாது என்று நினைப்பதாகவும், மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்றும் விரிவுரையாளர் குழுவில் எழுதினார். அவரைச் சொல்லி என்ன பயன், இவர்கள் வைத்த ரோஜாப்பூக்களைத்தானே அவர் எண்ணிப் பார்த்தார்.

செய்தி வந்த கையோடு அவள் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"அந்த கிளாஸ் இல்லன்னா நான் பெயிலுதான்க்கா. நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

நான் கேட்கிறேன், ஆனால் எனக்குப் பின்னாலேயே நீயும் ஒரு வரி போடு, தனி ஆளாகக் கத்தினால் எடுபடாது என்றேன். சரி என்றாள்.

போட்டேன். எனக்குப் புரியவில்லை, பலருக்கும் புரியவில்லை, வகுப்பு கட்டாயம் வேண்டும் என்று மலாயில் மரியாதையாகத்தான் எழுதினேன். மற்றவர்கள் எப்படி என்று திருப்பிக் கேட்டார் அவர்.

எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. பிறகு ஒரு அண்ணன் தொடங்கிவைத்தார், "ஃபஹாம், டாக்டர்" என்று. முந்தின நாள்தான் அந்த மகானுக்குச் சராசரி என்றால் என்னவென்று விளக்கித் தொண்டை வற்றியிருந்தேன். அவரைத் தொடர்ந்து இன்னொருவர், இன்னொருவர். கடைசியில் அவள் பெயர் தெரிந்தது, ஏதோ தட்டச்சு செய்கிறாள். அப்பாடா, வந்துவிட்டாள் என்று போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"ஃபஹாம், டாக்டர். தெரிமா காசி." பக்கத்தில் ரோஜாப்பூ வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரியாதவர் ஒருவர்தான் என்பதால் அவர் தனியாகத் தொடர்புகொள்ளலாம், வகுப்பு ரத்து என்று முடித்துவிட்டார் விரிவுரையாளர். அன்று சாயந்திரமே, நன்றாகக் கேட்டீர்கள் அக்கா, உங்களுக்குத்தான் தைரியம் என்று எனக்குத் தனியாகப் பாராட்டுகள் குவிந்தன. மானம் கெட்டவர்கள். ஒருவருக்கும் பதில் போடவில்லை.

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அவளுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். அன்று அவள் குழுவில் போட்ட வரியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. முதல் இரண்டு பாடங்களைப் பிடித்துக்கொண்டாள். மீதிக்கு நேரமில்லை, கடைசி பஸ் வந்துவிட்டது.

பரீட்சையில் நான் தேறினேன். அவள் தவறிவிட்டாள். நிர்வாகம் சொன்னபடியே வேறு ஆளைப் பார்த்துவிட்டது. அதைச் சொல்லத்தான் போன் செய்தாள், அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"அன்னைக்கு ஒரு வார்த்த போட்டிருந்தா கிளாஸ் நடந்திருக்கும்லா."

"அத்தன பேரு முன்னாடி, ஒரு டீச்சரா இருந்துக்கிட்டு, புரியலன்னு எப்படிக்கா சொல்றது? வெக்கமா இருக்காது?"

"ஒன் கிளாசுல ஒரு பிள்ள எந்திரிச்சி, டீச்சர் எனக்குப் புரியலன்னு சொன்னா அது வெக்கமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு பேசியபோது குரலில் அழுகை இல்லை, ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"எங்க பிள்ளைங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கக்கா. புரியுதான்னு கேட்டா எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சி, புரியுது டீச்சர்னு சொல்வாங்க. அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன்."