தீர்த்தத்துக்கு நீட்டிய இடது கை

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடை அது. ஸ்டுட்கார்ட்டில் என் வகுப்பு முழுக்க உதைபந்து பைத்தியம்; எனக்கோ பேஸ்போல். எங்கள் கழகத்தின் இளையோர் அணியில் பந்தெறிகிறவன் நான். எறிந்து எறிந்தே வலது முழங்கையின் தசைநார் அறுந்துபோனது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கைக்குள் கோத்துத் தைத்தார்கள். "இது பிடிக்கும்வரை கையை முழுதாக நீட்டாதே, பிறகு எறியவே முடியாமல் போகும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கையோடுதான் ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள எங்கள் ஆட்களின் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போனோம். முழங்கையைச் சுற்றித் தாங்கி, அதன்மேல் கழுத்திலிருந்து தூக்குப்பட்டி. குருடனுக்கும் தெரியும். ஐயர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் இடது கையை நீட்டினேன்.

பின்னால் நின்றவர் அப்பாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்த அங்கிள். "இடக்கையாலயோ தீர்த்தம் வாங்குறது? இஞ்ச பிறந்தா இதுவும் தெரியாதோ?"

"ஒப்பரேஷன் செய்த கை அங்கிள். நீட்ட ஏலாது."

"பந்தெறியிறதுக்கு ஏலும், சாமிக்கு ஏலாதோ?" என்றபடி பட்டியைக் கழற்றி, என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுவை.

கண் இருண்டது. கத்தினேன். ஐயர்தான் பதறிப்போய், "விடுங்கோ, விடுங்கோ, பிள்ளை எந்தக் கையால வாங்கினால் என்ன?" என்று என் இடது கையில் தீர்த்தத்தை விட்டார். ஓடிவந்த அப்பா என்ன சொன்னார் தெரியுமா? என்னிடம் இல்லை, அவரிடம்: "குறை நினையாதேங்கோ அண்ணை. பெடியனுக்கு முறை தெரியாது."

திங்கட்கிழமை டொக்டரிடம் போனோம். முழங்கை வீங்கிக் கிடந்தது. எப்படி நடந்தது என்று அவர் கேட்க, அப்பா தன் அரைகுறை ஜெர்மனில், விழுந்துவிட்டான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை, இழுத்தார்கள் என்றேன். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை மெல்ல மடக்கி, அழுத்தி, படமும் எடுத்துப் பார்த்தார். நார் தப்பியிருந்தது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

அடுத்த கோடைக்கு அடுத்த கோடை நான் திரும்பவும் எறிந்தேன். நல்லாகவே எறிந்தேன். அந்தச் செய்தி பரவி, ஒரு பிறந்தநாள் விழாவில் அதே அங்கிள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்டைக்கு நான் இழுத்துவிட்டதாலதான் உவன்ர கை நேரானது. வேணுமெண்டா தேப்பனைக் கேளுங்கோ."

அப்பா சிரித்தார். "ஓம் அண்ணை" என்று சொல்லி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு ரோல்ஸ் வைத்தார்.

வேலை எடுத்துத் தந்தவருக்கு நன்றி மறக்கக் கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா அந்த நன்றிக்கடனைத் தன் கையால் தீர்த்திருக்கலாம், என் கையைக் கொடுத்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் பந்தைத் தொடும்போதெல்லாம் நினைக்கிறேன்.