மீதிப் படம்

பொன்னுமணி போடியில் ஜாக்கெட் தைக்கிறவள். பிறந்தது பக்கத்திலிருக்கிற சிலமலை. பள்ளிக்கூடத்தை விட்டதும் மற்றப் பெண்களோடு ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு தையல் கற்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டாள். புருஷன் முத்துக்கண்ணன் மலையிலிருக்கிற குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறான்.

அவள் திரைப்படச் சங்கத்துக்குப் போனதே திரை தைத்துக் கொடுக்கத்தான். பாண்டியராஜன் என்ற இங்கிலீஷ் வாத்தியார் நடத்துகிற சங்கம் அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏலக்காய் வியாபாரி ஜக்கையனின் ஸ்டோர் மாடியில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். தைத்த துணி சுருக்கமில்லாமல் தொங்குகிறதா என்று பார்க்கப் போனவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஓடியது ஏதோ பனி தேசத்துப் படம். முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதம் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளையும் கூட்டி வந்தாள். கூட்டத்தில் பெண்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

திரையில் கீழே ஓடுகிற இங்கிலீஷை பாண்டியராஜன் மைக்கில் தமிழாகச் சொல்லிக்கொண்டே வருவார். பொன்னுமணிக்கு எல்லா தேசத்து மனிதர்களும் பாண்டியராஜன் குரலில்தான் பேசினார்கள்.

போன ஆடியில் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. பெண்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிற ஒருவனைப் பற்றிய படம். சண்டை இல்லை, போலீஸ் இல்லை, பாட்டு இல்லை. கொலையைக் காட்டவும் இல்லை. அவன் ஒரு வீட்டுக்குள் போவான். வெளியே வருவான். அதற்குப் பிறகு கேமரா அந்த வீட்டுக்குள்ளேயே அசையாமல் நிற்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும். ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். குழாய் சொட்டும். பார்க்கிறவர்கள் நெளிகிற அளவுக்கு அது நிற்கும்.

முதலில் பின்வரிசையில் சிரித்தார்கள். "பாலை எறக்குங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, அதற்கொரு சிரிப்பு. பிறகு திரை ஒரேயடியாக இருட்டாகி, யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. கரண்டு போய்விட்டதென்று நினைத்து ஒருவர் எழுந்து சுவிட்சைத் தட்டினார். இருட்டும் படம்தான் என்று பாண்டியராஜன் சொன்னதும் நாலைந்து பேர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியிருந்தது. கொலைகாரன் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி பேசினான். கீழே எழுத்து ஓடியது. மைக்கில் சத்தம் வரவில்லை.

"என்னண்ணே சொல்றான்?" என்று கேட்டாள் பொன்னுமணி.

பாண்டியராஜன் தொண்டையைச் செருமினார். "கோவமா ஏதோ பேசுறான்."

"அவன் கோவமா இல்லயே. தின்னுக்கிட்டுல்ல இருக்கான். சொன்னத அப்படியே சொல்லுங்க."

"அது வேணாம் பொன்னுமணி."

"இம்புட்டு நேரம் சொன்னீகள்ல."

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "'இவளைத் தேடி ஒருத்தரும் வர மாட்டாங்க. பாத்துத்தான் எடுத்தேன்'னு சொல்றான்."



அப்போதுதான் ஜக்கையன் எழுந்தார். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஆள் கெட்டவர் இல்லை. கூடத்தைச் சும்மா கொடுத்தவர், டீயும் வாங்கித் தருகிறவர்.

"நிப்பாட்டுங்க வாத்தியாரே. பொம்பளைங்க இருக்கிற எடத்துல போடுற படமா இது? நம்ம ஊருல இப்படியெல்லாம் நடக்குதா என்ன?"

லைட்டைப் போட்டார்கள். திரையில் அந்த ஆள் வெளுத்துப்போய் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தான். பாண்டியராஜன் படத்தை நிறுத்தினார். எல்லோரும் எழுந்தார்கள். பொன்னுமணி மட்டும் எழவில்லை.

"ஐயா, கருத்தம்மான்னு ஒருத்தி எங்களோட காய் எடுக்க வந்தா. அவ எங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஜக்கையன் புரியாமல் பார்த்தார்.

"ஒரு நாள் சாயங்காலம் ஜீப்புக்கு வரல. வெயிட் பண்ணுங்கன்னு நான் கத்துனேன், மழை வருதுன்னு வண்டிய எடுத்துட்டாங்க. மறுநா கேட்டா, எவனோடயோ போயிருப்பான்னாங்க. அவளுக்கு அப்பன் இல்ல, ஆத்தா இல்ல. யாரும் தேடல. நான் ஸ்டேஷனுக்குப் போனேன், ஒனக்கு என்ன உறவுன்னு கேட்டுத் திருப்பி அனுப்புனாங்க. நம்ம ஊருல நடக்கலன்னு நீங்க சொல்றீக. நடந்துச்சா இல்லயான்னே யாரும் பாக்கலயே."

"அதுக்கும் இந்தப் படத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியல. ஆனா இங்கயே நிப்பாட்டினா அவன் சொன்னதுதான் கடைசிப் பேச்சா நிக்கும். தேடி யாராச்சும் வந்தாங்களா இல்லயான்னு நான் பாக்கணும்."

ஜக்கையன் ஃபேனை அணைத்தார். ஸ்டோரிலிருந்து ஏலக்காய் வாசனை படியேறி வந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பொன்னுமணி அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுருளியம்மாள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தாள்.

பேச்சு அன்றைக்கே ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. தையல்காரி கொலைப் படத்தைப் போடச் சொல்லி மல்லுக்கு நின்றாளாம் என்றார்கள். அடுத்த நாள் ஒரு வீட்டுக்காரம்மா ஆள் அனுப்பி, தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பொன்னுமணி மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். காரணம் கேட்கவில்லை.

முத்துக்கண்ணன் சாப்பிடும்போது ஆரம்பித்தான். "ஸ்டாண்டுல ஒரு மாதிரி பேசுறாங்க."

"பேசட்டும்."

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல?"

"தெரியாது. பாதிதான் பாத்தேன்."

இரண்டு நாள் கழித்துப் பாண்டியராஜன் கடைக்கு வந்தார். சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள். கூடம் தொடர்ந்து கிடைக்கும், ஆனால் இனிமேல் பெண்கள் வருகிற அன்றைக்குக் குடும்பப் படமாகப் போடவேண்டும் என்று ஜக்கையன் சொல்லியிருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். ஒனக்கு முடிவுதானே வேணும்? நான் சொல்றேன், கேட்டுக்க."

"சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன். என் கடையில போடுங்க."

"கடையிலயா? திரையும் அங்கதான மாட்டியிருக்கு."

அவள் வெள்ளை லைனிங் துணியின் கட்டைப் பிரித்து அவர் முன்னால் விரித்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மெஷினை ஓரம் தள்ளி, சுவரில் துணியை இழுத்து ஆணியடித்தாகிவிட்டது. சுருளியம்மாள் தன்னோடு மலைக்குப் போகிற பெண்களைத் திரட்டி வந்திருந்தாள். சங்கத்திலிருந்து மூன்று ஆண்கள் வந்தார்கள். முத்துக்கண்ணனும் வந்து வாசலோரம் நின்றான்.

பொன்னுமணி முதலிலிருந்து போடச் சொன்னாள்.

இந்தக் கூட்டம் சிரிக்கவில்லை. பால் பொங்கியபோது ஒருத்தி, "யாராச்சும் அடுப்ப அணைங்களேன்" என்று நிஜமாகவே சொன்னாள். திரை இருண்டு படியேறுகிற சத்தம் வந்ததும் ஒரு பெண் எழுந்து, "எனக்கு வேணாம்க்கா, நான் போறேன்" என்று வெளியே போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. முத்துக்கண்ணனும் போய்விட்டான். முன்னால் போகிற வண்டிகூடத் தெரியாத மூடுபனியிலும் மலையில் வளைவு வளைவாக ஜீப்பை இறக்குகிறவன், மீதி நேரம் முழுக்க ஜீப்பில் உட்கார்ந்து பீடி குடித்தான்.

ரொட்டி தின்கிறவன் பேசினான். பாண்டியராஜன் இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

கடைசியில் கேமரா செத்துப்போன அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நின்றது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு பெண்குரல் கூப்பிட்டது. "பேரு மட்டும்தான் சொல்றா" என்றார் பாண்டியராஜன். குரல் போய்விட்டது. வெளிச்சம் மாறியது. மறுபடி தட்டல், மறுபடி அதே பெயர். கதவு திறக்கவே இல்லை. படம் முடிந்தது.

பாண்டியராஜன் இது எவ்வளவு புதுமையான முடிவு என்று விளக்க ஆரம்பித்தார்.

"நல்லால்லண்ணே" என்றாள் பொன்னுமணி.

"எது?"

"படம். கொன்னவன் என்ன தின்னான், எப்படி நடந்தான், எல்லாம் காட்டுறான் டைரக்டரு. அந்தப் பொம்பளைக்குக் கோட்டு மட்டும்தான். கதவத் தட்டுனாளே, அவ மொகத்தையாச்சும் காட்டியிருக்கலாம்ல? வந்தவளைக் கதவுக்கு அந்தப் பக்கமே நிப்பாட்டிட்டான்."

"காட்டாததுதான் நமக்குள்ள நிக்கும்" என்றார் சங்கத்து ஆண்களில் ஒருவர்.

"ஒங்களுக்கு நிக்கட்டும். எனக்குக் கோவமா வருது."

"வந்தா பாத்தியா, அதுவே பெருசு" என்றாள் சுருளியம்மாள். "ரெண்டு வாட்டி வந்தா."

"ரெண்டாவது வாட்டி கதவ ஒடச்சிருக்கணும்."

ஆளுக்கொன்று பேசினார்கள். ஷட்டரை மேலே தூக்கிய பிறகும் ரோட்டில் நின்று பேசினார்கள். தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணின் பெயரை ஒருத்தி சொன்னாள். அவளைப் பற்றியும் பல வருஷமாகத் தகவல் இல்லை. பொன்னுமணி ஊர், தெரு எல்லாம் விசாரித்தாள். அந்த வாரமே பெயர் சொன்னவளும் பொன்னுமணியும் பஸ்சில் போய் வந்தார்கள். அந்தப் பெண் உயிரோடுதான் இருந்தாள். வாசலுக்கு வந்து நின்று, யாரும் வருவார்களென்று நினைக்கவில்லை என்று சொல்லி அழுதாள்.

கருத்தம்மாள் பற்றி மட்டும் இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை. பொன்னுமணி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எஸ்டேட்டுகளுக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர்கள் அவளைக் கண்டாலே, "தகவல் இல்லக்கா" என்று தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள்.

ஜக்கையன் தன் நிபந்தனையை மாற்றவில்லை. சங்கம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் மாடியில் குடும்பப் படம் பார்க்கிறார்கள். மீதிப் பேர் தையல் கடையில் நூல் குப்பைக்கு நடுவில் உட்காருகிறார்கள். துணியைத் திரும்ப வாங்கிய வீட்டுக்காரம்மா இன்னும் வரவில்லை.

சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் முத்துக்கண்ணனின் பெரியப்பா முறைக்காரர், நாலு பேர் கேட்கிற மாதிரி, "அந்தக் கொலைப் படத்த ஒக்காந்து முழுசா பாத்தவ நீதானா ஆத்தா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா, நாந்தான்" என்றாள் பொன்னுமணி. "முதப் பாதிய ரெண்டு வாட்டி பாத்தேன்."

இலையில் ரசம் ஊற்ற வந்தவரை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.