அறுபத்தெட்டாம் கல்

ரிட்டையர் ஆன மறுவாரமே டிரைவர் பழைய ரோட்டைத் தேடக் கிளம்பிவிட்டார்.

அது நேற்று முளைத்த சாலை அல்ல. தார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே படைகளும் சரக்கு வண்டிகளும் போய்வந்த வழி என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. ஆறு மாதிரி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த அதை ஒரு காலத்தில் நிமிர்த்தி, அகலமாக்கி, நடுவில் அரளிச் செடி வைத்தார்கள். வெட்டிவிடப்பட்ட வளைவுகள் இரண்டு பக்கமும் புதருக்குள் கிடந்தன. பஸ்ஸின் உயரமான சீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு தார்த் துண்டு இடப்பக்கம் பிரிந்து முள்ளுக்குள் நுழையும்; கொஞ்ச தூரம் போனபின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் எங்கே போய் வந்தது? வருஷக்கணக்கில் அவருக்கு இந்த அரிப்பு இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் இறங்கிப் போய்ப் பார்க்க முடியுமா?

"ரிட்டையர் ஆனவங்க வீட்ல கால் நீட்டி உக்காருவாங்க. நீங்க ரோட்டைத் தேடிக்கிட்டுப் போறீங்க. அது என்ன காணாமப் போன மாடா?" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு துணிக்கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். பேசும்போதும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும்.

"மாடுன்னா கூப்பிட்டா வரும். இதை நாமதான் போய்ப் பாக்கணும்."

துணைக்கு ரைட்டு வந்தான். அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முழங்கால் வலியால் அவருக்கு முன்னாலேயே வேலையை விட்டவன். விசில் தொலைந்துபோன ஒரு நாளில் "ரைட்டு, ரைட்டு" என்று கத்தியே முழு நாளையும் ஓட்டியதில் அதுவே பெயராகிவிட்டது. அவனுடைய மொபெட்டில் இருவரும் போனார்கள். பூட்டிப்போன ஒரு டீக்கடை, இடிந்த பாலம், தாரைப் பிளந்துகொண்டு எழுந்த வேர், யாரும் வராத திருப்பத்தில் இன்னும் 'மெதுவாகச் செல்' என்று எச்சரித்துக்கொண்டு நிற்கும் பலகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"பாவம் அண்ணே, இதுகிட்ட யாரும் சொல்லல போல, ரோடு மாறிடுச்சுன்னு" என்று பலகையைத் தட்டிக்கொடுத்தான் ரைட்டு.

டிரைவர் சிரித்தார். அந்தச் சாலையில் அவர் சிரிப்பது அபூர்வம். அவருடைய மகனைக் கொண்டுபோன சாலை அது.

மகன் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்துவந்தவன். வெளியூரில் வேலை முடித்து மோட்டார் பைக்கில் திரும்பும்போது விழுந்தான். "அறுபத்தெட்டாம் கல்லுகிட்ட" என்று போனில் போலீஸ்காரர் சொன்னார். அப்பாவும் அம்மாவும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார்கள். இடத்தை அன்று பார்க்கவில்லை. அதன்பின் அம்மா படுத்துவிட்டாள். அவள் எழுந்து, வாசல் தாண்டி, "அவன் விழுந்த இடத்தைப் பாக்கணும்" என்று சொல்வதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் புதிய சாலை திறந்திருந்தது. கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிரைவர் அதுவரை டவுன் பஸ் ஓட்டியவர். மகன் போனபிறகு அந்த நெடுஞ்சாலை ரூட்டைக் கேட்டு வாங்கினார். போகும்போதும் வரும்போதும் அறுபத்தெட்டாம் கல்லருகில் ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நீளம். மகன் சின்னவனாக இருந்தபோது தெருமுனையைத் தாண்டும் அப்பாவின் பஸ் அப்படித்தான் கூப்பிடும். சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு மாடிப் படியில் ஓடுவான்.

மாதத்தில் ஒரு நாள் அவர் மனைவி அந்தக் கல்லருகில் இறங்கிக்கொள்வாள். பஸ் திரும்பி வரும்வரை மகனிடம் பேசிக்கொண்டிருப்பாள். அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது, கூரை ஒழுகியது, கீழ் வீட்டுக்காரியோடு தண்ணீர்ச் சண்டை, தங்கைக்குப் பிள்ளை பிறந்தது, அது மாமாவின் காதை அப்படியே உரித்து வைத்திருப்பது, எல்லாம் சொல்வாள். மறுபடி பஸ்ஸில் ஏறும்போது அவள் முகம் கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

டிரைவருக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வளைவு கிடையாது. பழைய ரோட்டை அங்கே அகலம்தான் ஆக்கியிருந்தார்கள். நூல் பிடித்த மாதிரி கிடந்தது. தொழில் புத்தி விடவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் இங்க. இதுல போய் விழுந்திருக்கானே. தூங்கியிருப்பான், இல்ல பறந்திருப்பான்" என்று ஒரே ஒரு தடவை வீட்டில் வாய்விட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் மனைவி அவரோடு பேசவில்லை. அவரும் அதற்குப்பின் அதைச் சொல்லவில்லை. நினைப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பாசத்தோடு ஒரு கோபமும் சேர்ந்துதான் கை அழுத்தும்.

அன்று அவர்கள் நுழைந்த துண்டு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மொபெட் போகாத அளவுக்குப் புதர். வண்டியைச் சாய்த்துவிட்டு நடந்தார்கள். குன்றைத் தாண்டியதும் புதிய சாலையின் இரைச்சல் கதவைச் சாத்தியது போல நின்றது. திருப்பத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. பக்கத்தில் செடிக்குள் ஒரு கல் சாய்ந்து கிடந்தது.

ரைட்டு செருப்புக் காலால் பாசியைத் தேய்த்தான். "அறுபத்தெட்டு" என்று வாசித்தான். "நல்லா இருக்கே! இங்கயும் ஒரு அறுபத்தெட்டா? வளைவையெல்லாம் வெட்டினா ரோடு சுருங்கிப் போகும்ல அண்ணே. கல்லையெல்லாம் புதுசா அளந்து நட்டிருப்பாங்க. இதைப் பிடுங்க மறந்து..."

சட்டென்று கல்லிலிருந்து காலை எடுத்துக்கொண்டான்.

டிரைவர் கல்லைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் ரோடு உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வண்டியை அதுதான் பிடித்து வைக்கும். இது வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம் மழை, கொஞ்சம் மணல் இருந்தால் போதும். மெதுவாக வந்தாலும் தள்ளிவிடும். அவரையே தள்ளியிருக்கும். அவர் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தாரின்மேல் வைத்து அந்தச் சாய்வைத் தடவினார்.

"தூங்கலடா" என்றார். "பறக்கவும் இல்ல."

ரைட்டு சுவரில் கைவைத்து நின்றான். "நான் சின்னப் பையனா இந்த ரூட்ல ஓடினவன் அண்ணே. இந்தத் திருப்பத்துல வண்டிங்க விழும். ஜனங்க கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. நீங்க அந்தக் கல்லுகிட்ட ஹாரன் அடிச்சப்பல்லாம் பக்கத்துலதானே நின்னேன். கல்லு இடம் மாறிடுச்சுன்னு எனக்குத் தோணவே இல்லையே. கண்டக்டர் ஆள் முகத்தைப் பாப்பான் அண்ணே, கல்லையா பாப்பான்?"

"எனக்கே தோணல. விடு."

வீட்டுக்கு வந்தவர், வழக்கமாகச் சுவரோரம் விடும் செருப்பை அன்று காலில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவருக்குப் பொய் வராது. பஸ் ஏன் லேட் என்று பயணிகள் கேட்டதற்கு "டீ குடிச்சேன்" என்று சொல்லி அடிவாங்கப் பார்த்தவர். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மெஷின் நின்றது.

சொன்னார். கல், குன்று, பாலம், சாய்வு எல்லாம் சொன்னார். சாய்வைச் சொல்லும்போது கையைச் சரித்துக் காட்டினார்.

அவள் அழவில்லை. மடியில் கிடந்த உறையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"அப்ப அங்க யாருமே போகலையா? இத்தனை வருஷமா?"

"போகல."

"நான் சொன்னதெல்லாம்?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

உறையை மெஷின்மேல் வைத்துவிட்டு, "ஹாரன் அங்க கேக்கும்ல?" என்றாள். "லாரி சத்தமெல்லாம் ஊருக்கே கேக்குது. உங்க ஹாரன் அவனுக்குக் கேட்டிருக்கும்."

"தெரியலம்மா. நடுவுல குன்று இருக்கு."

"கேட்டுப் பாத்துரலாம். நான் பஸ்ல வரேன். உங்க இடத்துல இப்ப ஓட்டுற தம்பிகிட்டச் சொல்லி, கல்லுகிட்ட அதே மாதிரி அடிக்கச் சொல்றேன். நீங்க அங்க போய் நில்லுங்க."

"நீ வந்து நில்லு. நான் பஸ்ல போறேன்."

"வேணாம். நான் நின்னா, கேக்கலன்னாலும் கேட்டதாத்தான் நினைச்சுக்குவேன். நீங்கதான் உள்ளதைச் சொல்லுவீங்க."

இரண்டு நாள் கழித்துப் பகல் பஸ்ஸில் அவள் ஏறினாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் மொபெட்டில் கூட்டிவர ரைட்டு காத்திருந்தான். டிரைவர் விடிந்ததும் போய் வழியிலிருந்த முள்ளை வெட்டித் தள்ளியிருந்தார். கல்லை நிமிர்த்தி அடியில் மண் போட்டு மிதித்திருந்தார். பெயர்ந்த சுவரின் பக்கத்தில் நின்றார்.

அந்தப் பஸ் எங்கே எப்போது வரும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். இப்போது பெட்ரோல் பங்க். இப்போது ஏற்றம்; கியர் மாற்றுவான். இப்போது மரங்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த புல் உரசியது. ஒரு பறவை எழுந்து போனது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். வாயைத் திறந்து வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, வாயையும் திறந்தார்.

பஸ் கல்லைத் தாண்டியிருக்கும். லேட்டாக இருக்கலாம் என்று இன்னும் நின்றார். லேட்டான பஸ்ஸும் தாண்டியிருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் தினமும் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

புதருக்கு அந்தப் பக்கம் மொபெட் நின்றது. "பாத்து அண்ணி, வேர் இருக்கு. காலைத் தூக்கி வைங்க. ரைட்டு, ரைட்டு" என்று ரைட்டுவின் குரல். அவள் முந்தானையை முள்ளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். கையில் வாசல் செடியில் பறித்த பூ. அவரைத் தாண்டிக் கல்லைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அந்தத் தம்பி நல்லா அழுத்தி அடிச்சுச்சு. பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க" என்றாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் டிரைவர்.

"நல்லாவா?"

"நல்லா கேட்டுச்சு. ரெண்டு குட்டை, ஒரு நீளம்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாலத்துச் சுவரைப் பார்த்தார். ரைட்டு மொபெட் சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தான்.

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டாள். போய்க் கல்லருகில் உட்கார்ந்தாள். பூவை வைத்தாள். எண்ணின் மேல் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். வரும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லாதவள் போலக் காலை மடக்கி வசதியாக்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்திருக்கோம்பா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.