நான் போட்ட முடிச்சு

தேயிலைத் தோட்டத்தை விட்டு நோர்வூட் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு கம்பளி, அதற்குள் ஒரு சட்டை, ஒரு சாரம். தூறல் நிற்கவில்லை. அதற்கு முன்னும் பல தோட்டங்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள்மேல் பொறாமைப்பட்டுக் கிளம்பியது அந்த ஒரு தோட்டத்திலிருந்துதான்.

அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வேதக் கோயில் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அட்டனிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். கூட்டுவது, மெழுகுதிரி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் நான்தான். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கிழமை நாட்களில் கொழுந்துச் சாக்கு சுமந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கயிற்றை இழுத்தால் ஐந்து லயத்து வரிசை வீட்டுச் சனமும் எழுந்து வரும்.

தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஞானோபதேச வகுப்பையும் எடுத்துக்கொண்டார். "கோயிலு எல்லாருக்கும் பொது. வேலையயும் பிரிச்சுக்குவோம்" என்று பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒருவனுக்கு விளக்குமாறு, ஒருத்திக்குப் பூ. மணி அடிக்கும் வேலை ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு விழுந்தது.

"அப்ப எனக்கு?"

"நீங்க பெரியவரு. பக்கத்துல நின்னு பாத்துக்குங்க. புள்ளைங்க பழகட்டும்."

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் கயிற்றோடு சேர்ந்து மேலே போய்ப் போய் வருவாள். சனம் சிரித்துக்கொண்டே வரும். "ஒன்னயவிட நல்லா அடிக்குதுப்பா" என்றார் கங்காணி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பூசை நாளில் விடியுமுன் போய், கயிற்றைச் சுருட்டி உத்தரத்தில் கட்டினேன். பிள்ளைகளுக்கு எட்டாது. என்னைத் தேடி வருவார்கள், கெஞ்சுவார்கள் என்று தலை வாரிக்கொண்டு அறையில் காத்திருந்தேன்.

அந்தச் சிறுமி வந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணே, பூசைக்கு நேரமாச்சு, வாங்க."

"மணி அடிக்கலயே?"

"கயிறு மேல போயிருச்சு. அதான் ஆளுக்கு ஒரு லயமா பிரிச்சுக்கிட்டு வீடு வீடா கூப்புடுறோம். நீங்கதான் கடசி."

கோயிலில் நிற்க இடமில்லை. தேயிலைப் பெக்டரியில் இராவேலை பார்த்துவிட்டுத் தூங்கியவர்கள், பல மாதமாக எட்டிப் பார்க்காதவர்கள், எல்லாரையும் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

பூசை முடிந்ததும் டீச்சர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சின்னப் புள்ளைங்க போட்ட முடிச்சு இல்ல அது. அவுத்து விட்டுருங்க" என்று மெதுவாகச் சொன்னார். பெஞ்சில் ஏறி அவிழ்த்தேன். கயிறு கீழே வரும்முன் சிறுமி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேள, நீங்க இருந்தீங்க அண்ணே."

திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். மத்தியானமே கம்பளியைச் சுருட்டிவிட்டேன்.

மறுநாள் காலை நோர்வூட் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் தேத்தண்ணிக் கடையில் வேலை கேட்டேன்.

"அடுப்புக்கு ஆள் இருக்கு, தண்ணி எடுக்கவும் இருக்கு. கிளாஸ் கழுவத்தான் ஆள் இல்ல."

"அத நான் மட்டுந்தானே செய்யணும்?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு யாரு போட்டிக்கு வரப் போறா?"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.